அறைக்கதவின் கேள்வி

ஏற்காட்டு விடுதியின் அறைக்கதவு, கோகுலைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவர் மனைவி வினோதினியிடம் மட்டும் கேட்டது: "விரும்பித்தான் வந்தீர்களா?"

நாற்பது வருடங்களுக்கு முன் தேனிலவுக்குத் தங்கிய அதே அறை. வினோதினிக்குக் குறும்பு வந்துவிட்டது. "எங்க? இவருதான் வலுக்கட்டாயமா இழுத்துட்டு வந்துட்டாரு."

கதவு பூட்டிக்கொண்டது. காவலர்கள் வந்து, இருவரையும் தனித்தனியே விசாரித்துவிட்டுப் போக ஒரு மணி நேரம் ஆயிற்று.

உள்ளே வந்ததும் கோகுல் அலுத்துக்கொண்டார். "அப்பல்லாம் பேரு எழுதுனா சாவியக் குடுத்துருவாங்க. யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு!"

ஜன்னலில் அதே பனிமூட்டம். வினோதினி கட்டிலோரச் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு ஆளு கூட்டிட்டு வந்த சின்னப் பொண்ணு ராத்திரி பூரா அழுதுக்கிட்டே இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? நாமதான் டிவி சத்தத்தக் கூட்டி வச்சோம்."