தலையாட்டாத கடா

எந்த ஊராயிருந்தால் என்ன, ஒரு கோயில் வாசல். பலிக்குக் கட்டியிருந்த கடாவிடம் சேவல் சொன்னது: “மாப்ளே, மஞ்சத்தண்ணி தெளிப்பானுங்க. தலையை ஆட்டினா நீ சம்மதிச்சதா அர்த்தம், வெட்டிருவானுங்க. அசையாம நின்னா தொடமாட்டானுங்க, சாமி குத்தமாயிரும்.”

கடா கல்லாட்டம் நின்றது. ஒரு செம்பு, ரெண்டு செம்பு, கடைசியில் குடமே காலி. காதுக்குள் தண்ணீர் குறுகுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டது.

கூட்டத்துக்கோ பசி. பூசாரி தொண்டையைச் செருமினார். “இந்த வருசத்துலேருந்து அசையாம நின்னாத்தான் சம்மதம். ஆத்தா இப்பத்தான் சொன்னா.”

“அடப்பாவி, அப்ப இந்தா பாத்துக்க!” என்று கடா தலையை வேகவேகமாக ஆட்டியது.

பொம்பளைகள் குலவை போட்டார்கள்.

“பாத்தீங்களா,” என்றார் பூசாரி, “ஆத்தா பழைய வழக்கத்தை விடமாட்டேங்கிறா!”