பக்கத்து வீடு காலி

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மொழிபெயர்ப்பாளர், மொட்டை மாடியில் நின்று காலியாக இருக்கும் பக்கத்து வீட்டைச் சகலைக்குக் காட்டுகிறார். "பேசாம இங்க வந்துடுங்க. காதுக்கே ஓய்வு. டவுன்ல கெடைக்குமா?" சாயங்கால வெயில் மரங்களின் மேல் மஞ்சளாகக் கிடக்கிறது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருக்கும் மைத்துனி, "ஐயோ, அக்கா!" என்கிறாள். கீழே, இரண்டு பஸ் மாறி வேலையிலிருந்து வந்த அவர் மனைவி, ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, மற்றதன் வாரைப் பிடித்தபடியே வாசற்படியில் தூங்கிப்போயிருக்கிறாள். "தினமும் இப்படித்தானா மாமா?" அவர் முகம் சுண்டிப்போகிறது. "ஓய்வு உங்க காதுக்கு மட்டுந்தான் போல, அண்ணே" என்கிறார் சகலை. பேச்சுச் சத்தத்தில் விழித்தவள் அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறாள். "வீட்டப் பாத்தீங்களா? போக வர ஒரு கஷ்டமும் இல்ல." அந்தப் பொய் யாருக்காக என்று மாடியில் நிற்கும் மூவருக்கும் தெரிகிறது. அவர் மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறார்.