முந்தின ஷிப்ட்

“அந்த அட்டையை நான் செருகலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி, போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்,” என்றார் நஷ்டஈட்டு அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெண் அதிகாரி.

கட்டிலில் சாய்ந்திருந்த அவனுக்கு அந்தக் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. வலிக்குக் கொடுத்த மாத்திரை அப்படி. மதியம் ஒன்று போட்டால் போதும், அறையே கொஞ்சம் மிதக்கும். ஜன்னல் திரை மூச்சு விடும். இல்லாமல் போன விரல்கள் மட்டும் எந்த மாத்திரைக்கும் மசியாமல் சட்டைப் பித்தானைத் தேடிக்கொண்டிருக்கும்.

“நான்தாம்மா செருகினேன்,” என்றான்.

“புரிஞ்சுதான் பேசறீங்களா? நீங்களே செருகினதுன்னா உங்க தப்புன்னு ஆயிடும். நஷ்டஈடு கிடையாது. இன்னொரு ஆபரேஷன் செஞ்சா மிச்சம் இருக்கற ரெண்டு விரலாவது மடங்கும்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதுக்கு எங்க போவீங்க?”

“வலது கை முழுசா இருக்கே.”

அதிகாரி பெருமூச்சு விட்டார். இந்த மாதிரி வீடுகளில், தான் செய்ததையே செய்யவில்லை என்று சாதிப்பவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

அவன் வேலை பார்த்த பிரஸ் மிஷின் பிடிவாதம் பிடித்தது. இரண்டு பட்டன்களையும் இரண்டு கையால் ஒன்றாக அழுத்தினால்தான் இறங்கும். ஒரு கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அப்படி. ஆனால் வேலை வேகமாக நடக்க வேண்டுமே! அதனால் பாதிப் பேர் இடது பட்டனில் அட்டையை மடித்துச் செருகிவிட்டு, ஒற்றைக் கையால் ஓட்டுவார்கள். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தால் கூரையை ஆராய்ச்சி செய்துகொண்டே போய்விடுவார். ஷிப்ட் முடிந்து எழும்போது செருகியவரே அட்டையை உருவிவிட வேண்டும், அது மட்டும்தான் அங்கே எழுதாத சட்டம்.

அன்றைக்கு உருவவில்லை. அவன் வந்து உட்கார்ந்தான். தகட்டைச் சரிசெய்ய இடது கையை உள்ளே நீட்டினான். வலது கையைச் சும்மா பட்டன்மேல் வைத்தான்.

“நீங்க உக்காந்து ஒரு நிமிஷம்கூட ஆகலைன்னு பக்கத்து மிஷின்காரர் சொல்றார். அதுக்குள்ள நீங்களே அட்டையைச் செருகி, நீங்களே கையையும் விட்டீங்களாக்கும்?”

“கை கொஞ்சம் துறுதுறுன்னு இருந்துச்சு.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“முந்தின ஷிப்ட்ல அந்த மிஷின்ல இருந்த ஆளைத் தெரியுமா?”

“தெரியும். ஷிப்ட் மாறும்போது பாப்போம். ரெண்டு வார்த்தை பேசுவோம். அவ்வளவுதான் நேரம் இருக்கும்.”

“எப்படிப்பட்ட ஆள்?”

அவன் கண்ணை மூடினான். மிஷின்கள் எல்லாம் சத்தமே இல்லாமல் மெல்ல எழுந்து, மெல்ல இறங்கின. யாரும் அவசரப்படவில்லை. முந்தின ஷிப்ட் எழுந்து போன ஸ்டூலில் இன்னும் சூடு இருந்தது. அந்தச் சூட்டில் உட்காருவது அவனுக்கு எப்போதுமே பிடிக்கும்.

“நல்ல வேலைக்காரங்க,” என்றான். “அன்னைக்குச் சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல். ராத்திரி பூரா தூக்கம் இல்ல. அதான் ஷிப்ட் முடிஞ்சதும் ஓடிட்டாங்க.”

“அப்ப அவங்கதான் எடுக்க மறந்தாங்க?”

“அப்படி நான் சொல்லலையே.”

“அவங்களுக்கு எத்தனை குழந்தைங்க?”

“ரெண்டு.”

“உங்களுக்கு?”

“எனக்கும் ரெண்டுதான்.”

“உங்க குழந்தைங்களைவிட அவங்க குழந்தைங்க உசத்தியா தம்பி?”

“உசத்தின்னு சொல்ல முடியாது. சமமாத்தான் இருக்கும்.” அவன் கண்ணைத் திறந்தான். “அவங்களுக்கு வேலை போயிட்டா அந்த வீட்ல அடுப்பு எரியாதும்மா. அது எனக்கு நல்லாத் தெரியும். நான்தான் செருகினேன்னு எழுதிக்குங்க.”

அதிகாரி எழுதவில்லை. தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

“ஒரு சிக்கல் இருக்கு. ஒரே அட்டையை ரெண்டு பேர் செருகினதா என்னால எழுத முடியாது.”

“ரெண்டு பேரா?”

“அந்த முந்தின ஷிப்ட் ஆள் காலையில எங்க ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னாச்சு. நான்தான் செருகினேன், எடுக்க மறந்துட்டேன்னு சொல்லிக் கையெழுத்தும் போட்டாச்சு. வேலை போயிடும்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். போகட்டும், அவர் விரல் மடங்கணும்னுட்டாங்க. உங்களுக்கு நஷ்டஈடு முழுசா வரும்.”

மாத்திரையின் மிதப்பு சட்டென்று இறங்கிவிட்டது. அவன் எழுந்து உட்கார்ந்தான்.

“அதைக் கிழிச்சிடுங்கம்மா. தயவுசெஞ்சு கிழிச்சிடுங்க. அவங்ககிட்ட நான் பேசிக்கறேன்.”

“இப்பவே பேசுங்க. என்கூடத்தான் வந்தாங்க. உங்க முகத்தைப் பாக்க பயந்துகிட்டு வாசல்லயே நிக்கறாங்க.”

அதிகாரி எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டு, தான் வெளியே போய் நின்றுகொண்டார்.

உள்ளே வந்தவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கையைத் தொடத் துணிவில்லாமல், சரியாக இருந்த போர்வையையே சரிசெய்தாள்.

“இத்தனை வருஷமா ஷிப்ட் மாறும்போதுதானே பாத்துக்கிட்டோம். இனிமே நம்ம வீட்லயே பாத்துக்கலாங்க,” என்றாள் அவன் மனைவி.