விட்டுக்கொடுத்த பக்கம்

தன் கடைப் பலகையைத் தானே கழற்றி இறக்கிக்கொண்டிருந்தார் தையல்காரர். முகத்தில் வருத்தத்தின் சாயல்கூட இல்லை. வீடு கட்டிப் புதுமனை புகப் போகிறவர் போல அப்படியொரு தெளிவு.

பக்கத்துக் கடை வாசலில் நோட்டுக் கட்டுகளைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த ஸ்டேஷனரிக்கார அம்மாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிச்சுக்கிட்டே கழட்டு. எங்க எல்லார் வயித்துலயும் அடிச்சாச்சு, இனிமே உனக்கென்ன?"

"அக்கா, எதிர்ல இருக்கிறது பசங்க படிக்கிற பள்ளிக்கூடம்க்கா."

"போதும்பா உன் வியாக்கியானம். சங்கத் தலைவர்னு உன்னை நம்பினோம் பாரு, எங்க புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

அவள் கோபம் நியாயமானதுதான். ஊரின் விளிம்பில் அடுக்குமாடிகளாக எழும்பி, பள்ளிக்கூடச் சாலையில் சைக்கிள்கூட நுழைய முடியாத நெரிசல். சாலையை அகலப்படுத்த ஒன்று இந்தப் பக்கத்துக் கடைவரிசை போக வேண்டும், இல்லை எதிர்ப்பக்கத்துப் பள்ளி மைதானம் போக வேண்டும் என்றார்கள். கடைக்காரர்கள் ஒன்றுகூடி ஆட்சேபணை கொடுத்தார்கள். முதல் கையெழுத்து தையல்காரருடையது.

மறுநாளே பள்ளித் தாளாளர் கடைக்கு வந்துவிட்டார். கார் கண்ணாடியைக்கூட இறக்காமல் போகிற மனிதர், வெட்டுத் துணி கிடந்த ஸ்டூலில் தயங்காமல் உட்கார்ந்தார். தையல்காரர் அங்கேயே பாதி கரைந்துபோனார்.

"மாஸ்டர், மைதானம் போச்சுன்னா பள்ளிக்கூடத்துக்கு அனுமதியைப் புதுப்பிக்க மாட்டாங்க. இழுத்து மூட வேண்டியதுதான். உங்க பொண்ணும் இங்கதானே படிக்குது?"

"ஆமாங்கய்யா. ஆனா இத்தனை குடும்பம் இந்தக் கடைங்களை நம்பித்தானே இருக்கு?"

"கடைங்க எதை நம்பி இருக்கு? பள்ளிக்கூடமே இல்லாம யாருக்கு யூனிஃபார்ம் தைப்பீங்க, யாருக்கு நோட்டு விப்பீங்க? நீங்க ஆட்சேபணையைத் திரும்ப வாங்குங்க. காம்பவுண்டுக்குள்ளயே உங்களுக்கு ஒரு ரூம் தர்றேன். மத்தவங்களுக்கும் சுவரை ஒட்டி இடம் பண்ணிடலாம்."

இதைவிட என்ன வேண்டும்? தையல்காரர் வாசல் வரை வந்து வழியனுப்பினார். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஐயா, பசங்களுக்கு அளவெடுக்க எப்ப வரட்டும்? வழக்கமா லீவு விடறதுக்கு முன்னாடியே எடுத்துடுவேன்."

"இந்த வருஷம் அவசரப்படாதீங்க. வளர்ற பசங்க. இப்ப எடுக்கிற அளவு லீவு முடிஞ்சு பத்தாமப் போயிடும்."

வளர்த்திக்கென்று துணியை உள்ளே மடித்துத்தானே தைப்போம் என்று நாக்கு நுனி வரை வந்தது. பெரிய மனிதர் அக்கறையாகச் சொல்கிறார், எதற்குக் குறுக்கே பேச வேண்டும் என்று விழுங்கிக்கொண்டார்.

அப்புறம் கடை கடையாக ஏறி இறங்கினார். பேக்கரிக்காரர் பிடி கொடுக்கவில்லை. அவர் வீட்டுக்கே போய், மசியும் வரை எழுந்திருக்கவில்லை. சைக்கிள் கடைக்காரர் கண் கலங்கிக்கொண்டே சம்மதித்தார். ஸ்டேஷனரிக்கார அம்மா கடைசியாகத்தான் இறங்கிவந்தாள், அதுவும் "உன் முகத்துக்காக" என்று சொல்லித்தான்.

ஆட்சேபணை வாபஸ் ஆன பிறகுதான், தையல்காரருக்கு மட்டும் உள்ளே ரூம் பேசியாயிற்று என்ற சேதி கசிந்தது. மற்றவர்களுக்கும் இடம் உண்டு என்று அவர் தொண்டை வற்றக் கத்தியும் யார் காதிலும் ஏறவில்லை. முகத்துக்கு நேரே துரோகி என்றார் பேக்கரிக்காரர். கூடப் பிறந்தவர்போலப் பழகிய மனிதர் அப்படிச் சொன்னது தையல்காரருக்குச் சோற்றில் கை வைக்க முடியாதபடி வலித்தது.

வீட்டிலும் இதே பாட்டுத்தான்.

"ரூம் தர்றேன்னாரே, சாவியைக் கையில வாங்கினீங்களா?" என்றாள் மனைவி.

"பள்ளிக்கூடம் திறக்கட்டும்டி. அவர் என்ன ஓடியா போயிடுவாரு?"

இன்று கடையைக் காலி செய்யக் கடைசி நாள். தையல்காரர் மெஷினின் தலையை மட்டும் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தார். பள்ளிக்கூட கேட்டில் ஏணி சாத்தி, மேலே ஒரு பெயின்டர் பழைய எழுத்துகளைச் சுரண்டிக்கொண்டிருந்தான். தையல்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அக்கா, இங்க வந்து பாருங்க," என்று சாலையின் குறுக்கே குரல் கொடுத்தார். "பள்ளிக்கூடத்துக்குப் புதுசா பெயின்ட் அடிக்கிறாங்க. நாம விட்டுக்குடுத்தது வீண் போகலை."

ஸ்டேஷனரிக்கார அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் கையிலிருந்த கட்டை வண்டியில் வைத்துவிட்டு, இரண்டடி முன்னால் வந்து நின்றாள். பேக்கரிக்காரரும் வாசலில் எட்டிப் பார்த்தார்.

இத்தனை நாள் வாங்கிய ஏச்சுக்கெல்லாம் இப்போது பதில் கிடைத்துவிட்டது என்று தோன்றியது தையல்காரருக்கு. மெஷினைத் தோளில் சரிசெய்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஏணியைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, பள்ளிக்கூடத்துப் பேரை நல்லாப் பெரிசா எழுதுப்பா. தூரத்துல வர்றவங்களுக்கும் தெரியணும்."

பெயின்டர் சுரண்டுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தான்.

"எந்தப் பள்ளிக்கூடம்ணே? தாளாளர் ஐயா இங்க ஷாப்பிங் மால் கட்டறாரே."