மூன்று மணிக்கு மேல்

"இந்த வருஷமும் உன் பொண்ணு பேரு குலுக்கல்ல வரலம்மா," என்றாள் அல்டக்ராசியா. பள்ளி விட்டபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நகராட்சி வகுப்பில் இடம் கேட்டு பிராங்க்ஸ் பகுதி அலுவலகத்துக்கு வருகிறவர்களிடம் காலையிலிருந்து இதையே சொல்லி, அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

எதிரே இருந்த யெசேனியா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "எனக்கு வேலை முடிய ஆறு மணியாகுதுக்கா. ஏழு வயசுப் புள்ள, அதுவரைக்கும் லாண்டரிக் கடையில மெஷின் பக்கத்துல உக்காந்திருக்கு."

"மூணு மணிக்கே விடச் சொல்லிக் கேளேன். நீ ஒருத்தி சீக்கிரம் கிளம்பினா குடியா முழுகிடும்?"

"குலுக்கல்ல இடம் கிடைச்ச பிள்ளைங்க மூணு மணிக்குத்தானேக்கா வருதுங்க," என்றாள் யெசேனியா. "அதுங்களுக்கு டீச்சரே நான்தான்."