அசையாமல் நாலு நிமிஷம்

"நாலு நிமிஷத்துக்கு யாரும் அசையக் கூடாது. மூச்சு விட்டுக்கலாம். அழுகிறவுக மட்டும் செத்த தள்ளிப் போய் அழுங்க" என்றான் காசிராஜன்.

"எங்க அண்ணன் அசைய மாட்டாரு. நீரு ஒம்ம டப்பாவ அசைக்காமப் பாத்துக்கிடும்" என்றார் கருத்தப்பாண்டி.

அவருடைய அண்ணன் சோணைமுத்துவை முற்றத்து வெயிலில், கை வைத்த நாற்காலியில், மாலையோடு உட்கார்த்தி வைத்திருந்தார்கள். நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. காலையில் கிணற்று மேட்டில் சுருண்டு விழுந்தவர். நாடி பார்த்த வைத்தியர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தூக்குவதற்கு முன்னால் குடும்பத்தோடு ஒரு படம் எடுப்பது ராஜபாளையத்தில் அந்தத் தெருவின் வழக்கம்.

எண்பத்தேழாம் வருஷக் கோடை அது. போட்டோக்காரன் காசிராஜனின் கேமரா மதுரையில் ரிப்பேருக்குக் கிடந்தது. கையில் இருந்ததெல்லாம் ஒரு பால் பவுடர் டப்பா. அதில் ஊசியால் ஒரு ஓட்டை, உள்ளே ஒரு தடவைக்கு ஒரே ஒரு போட்டோத் தாள். இரண்டு மாதமாக அதை வைத்துத்தான் விளையாடிக்கொண்டிருந்தான். அசையாததை அது துல்லியமாகப் பிடிக்கும். அசைவதைப் புகையாக்கிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியை எடுத்தான்; படத்தில் தேர் விழுந்தது, ஜனம் விழவில்லை. பெண்டாட்டியை எடுத்தான், தலையில்லாத பெண்டாட்டி விழுந்தாள். அசையாத வாடிக்கையாளர் ஒருவர் கிடைக்கமாட்டாரா என்று ஏங்கியது உண்மைதான். இப்படிக் கிடைப்பார் என்று நினைக்கவில்லை.

"தம்பி" என்றாள் வெள்ளைத்தாய். சோணைமுத்துவின் மனைவி. அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "கல்யாணத்துக்குக்கூட அவிய போட்டோ எடுக்கல. இது ஒண்ணுதான். மொகம் விழுந்திரும்லா?"

"மத்தவுக எப்படியோ, அண்ணாச்சி தெளிவா விழுந்திருவாக, மதினி. எல்லாரும் டப்பாவையே பாருங்க. வேற எங்கயும் பாக்கக் கூடாது."

ஓட்டையை மறைத்திருந்த கறுப்பு ஒட்டுத்தாளை உரித்தான். நாற்காலிக்குப் பின்னால் நின்ற ஏழு பேரும் டப்பாவை முறைத்தார்கள். அவன் கடிகாரத்தை முறைத்தான். யாரோ மூக்கைச் சொறிந்துகொண்டார்கள். நாலு நிமிஷம் ஆனதும் ஓட்டையை ஒட்டினான்.

"கழுவிப் பாத்துட்டு ஓடியாரேன். விழலைன்னா இன்னொரு தாள் போட்டு எடுக்கணும். அதுவரைக்கும் தூக்கிராதீங்க."

"வெயில் சாயுதுவே. எம்புட்டு நேரம் போட்டு வைக்க?" என்றார் கருத்தப்பாண்டி.

"படம் வந்த பொறவுதான் அவிய இங்கிட்டிருந்து நகரணும்" என்றாள் வெள்ளைத்தாய்.

இரண்டு தெரு தள்ளி அவன் வீடு. ஜன்னலைச் சாக்கால் அடைத்த சாமான் அறைதான் இருட்டறை. சிவப்பு பல்புக்குக் கீழே மருந்துத் தட்டில் தாளை அமுக்கினான். அவன் மனைவி நாச்சியார் தட்டை மெல்ல ஆட்டினாள்.

"ஊருல வேண்டாத வேலையெல்லாம் நமக்குத்தான் வந்து வாய்க்கும். செத்தவரை இருட்டுல வச்சுக் கழுவுறது நல்லாவா இருக்கு?"

"ஆட்டு நாச்சியா. அவரு ஒன்ன மாதிரி தலைய ஆட்டுற ஆளில்ல."

தாளில் மெதுவாக உருவங்கள் ஊறி வந்தன. எல்லாம் தலைகீழ் நிறம். வெள்ளை மாலை கறுப்பாக, கறுத்த முகம் வெளேரென்று. நாற்காலிக்குப் பின்னால் ஏழு புகைத்தூண்கள்.

"ஆத்தாடி, இவுகதான் பேய் மாதிரி நிக்காக."

"உசிரோட இருக்கவுக அப்படித்தான் விழுவாக. அவரப் பாரு, கல்லுல செதுக்குன மாதிரி." அவன் குரலில் பெருமை இருந்தது. காசு வட்டமாக இருந்தது. நாற்காலியின் நாலு காலும் கோடு கிழித்தாற்போல் நின்றன.

வெளியே, தூரத்தில், சங்குச் சத்தம் கேட்டது.

"தூக்கிட்டாக போலருக்கு" என்றாள் நாச்சியார். "கருத்தப்பாண்டிக்குப் பொறுக்காதே."

அவன் தட்டின் மேல் குனிந்திருந்தான்.

"ஏங்க, என்ன?"

"சேர்க் கைப்பிடியப் பாரு. அதுல அவரு கை இருக்கே, அதப் பாரு."

கைப்பிடியில் மர ரேகை வரைக்கும் தெரிந்தது. அதன் மேலிருந்த ஐந்து விரல்களும் புகையாக இருந்தன.

"யாராச்சும் தொட்டிருப்பாக."

"அந்தப் பக்கம் ஆளே நிக்கலட்டி. எல்லாரையும் டப்பாவப் பாக்கச் சொன்னதே நாந்தான்."

அடுத்த மருந்தில் போட்டால்தான் படம் நிலைக்கும். அவன் போடவில்லை. சொட்டச் சொட்டத் தாளை உருவிக்கொண்டு கதவை உதைத்துத் திறந்தான். வெள்ளைத்தாய் கேட்ட ஒரே படம் வெயிலில் கறுத்துக்கொண்டே வர, "படம் அசைஞ்சிருக்கு, எறக்குங்க, அண்ணாச்சிய எறக்குங்க" என்று கத்தியபடி சங்குச் சத்தத்தின் பின்னால் ஓடினான்.