பத்தாம் நாள் மறியல்

“இன்னாய்யா, ரோட்ல கெடக்கற மரத்த எடுத்தாங்களா?” கட்டிலில் படுத்தபடியே கேட்டாள் சின்னப்பொண்ணு.

“எங்க எடுத்தாங்க? இடஒதுக்கீடு குடுக்கற வரைக்கும் மறியல்தானாம்” என்றார் அவள் புருஷன் கொளஞ்சியப்பன்.

“மெட்ராசு ஆஸ்பத்திரியில வால்வு ஆப்பரேசனுக்குக் குடுத்த நாளும் போயிடுச்சி. மரத்த வெட்டனவன் கை வெளங்காம போவ!”

அறுபத்திரண்டு வயதில் மூச்சு வாங்க வாங்கத் திட்டித் தீர்த்தவள், அந்த வேகத்திலேயே ஒரு டம்ளர் கஞ்சியையும் குடித்து முடித்தாள்.

வெளியே வந்த கொளஞ்சியப்பனைப் பக்கத்துக் கொல்லை அய்யப்பன் வேலியோரம் மடக்கினான்.

“இன்னா மாமா, மறியல் முடிஞ்சி மூணு நாளாவுது. நைனார்பாளையத்துல பஸ் ஓடிக்கினு இருக்குது. அத்தைய இட்டுக்கினு போவலியா?”

கொளஞ்சியப்பன் குரலைத் தாழ்த்தினார்.

“அவ இதயம் ஆப்பரேசனத் தாங்காது, வூட்லயே வச்சிப் பாத்துக்கன்னு டாக்டரு அன்னிக்கே சொல்லிட்டாருடா. நாள் குடுத்திருக்காங்கன்னு நான்தான் பொய் சொன்னேன். நல்லவேளை, மறியல் வந்துச்சி. அவனுங்களத் திட்டிக்கினாவது ரெண்டு வாய் கஞ்சி குடிக்கறா.”



“யாரு, அய்யப்பனா?” உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. “ரோடு எப்டிடா இருக்குது?”

அவன் உள்ளே கேட்கும்படி குரலை உயர்த்தினான்.

“ஏன் கேக்கற அத்தே! இன்னிக்கும் ரெண்டு புளியமரத்த வெட்டிப் போட்டுட்டானுங்க.”